பத்து மீட்டர் வளையம்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கேபிள் அறுந்தால் ஒட்ட வரும் பையன்களை நின்று வேடிக்கை பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை. பைக் சீட்டின் மேலேயே ஸ்ப்ளைசிங் மெஷின். இழையின் மேலுறையை உரிப்பார்கள், ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைப்பார்கள், கிளீவரில் வைத்து ஒரே நறுக்கு. இரண்டு முனைகளையும் எதிரெதிராகக் கிடத்தி மூடியைச் சாத்தினால் உள்ளே ஒரு பொறி. இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று வந்தால் சரி. 0.1 வந்தால் முகம் சுளித்து, வெட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார்கள். எர்பியம் இழை லேசர் கட்டுகிறவரின் கைவேலையில் முக்கால்வாசி இதுதான். ஆடிகளை நிறுத்தி, திருகாணி முடுக்கி, கதிர் எங்கே போகிறது என்று தேடும் பழைய லேசர் மேசை இங்கே கிடையாது. ஒளி இழைக்குள்ளேயே பிறந்து, இழைக்குள்ளேயே சுற்றி, இழை வழியாகவே வெளியேறுகிறது.

கேபிள் தொழிலில் இருப்பவர்களுக்கு இடிஎஃப்ஏ என்னும் எர்பியம் இழைப் பெருக்கி புதிதல்ல. ஒளியிழையில் கேபிள் டிவி ஓடும் ஊர்களில், கண்ட்ரோல் ரூம் ரேக்கில் செருகியிருக்கும் தட்டையான பெட்டி அது. மங்கிய ஒளியை வாங்கி, கூட்டிக் கொடுக்கும். உள்ளே சில மீட்டர் எர்பியம் கலந்த இழை சுருண்டு கிடக்கும். பெருக்கி வெளியே விடும் ஒளியில் ஒரு பங்கை அதன் வாசலுக்கே திருப்பிவிட்டால் அது லேசர். திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூவுமே, அதே சங்கதி. கூவ வைப்பது சுலபம். எந்தச் சுருதியில், எவ்வளவு சுத்தமாக, எத்தனை நாள் கூவும் என்பதில்தான் வடிவமைப்பவரின் கை தெரியும்.

எர்பியத்தின் கொடுப்பினையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஸ்வீடனின் இட்டர்பி சுரங்கக் கனிமத்திலிருந்து 1843ல் மொசாண்டர் பிரித்தெடுத்த அரிய மண் தனிமம். அணு எண் 68. அதன் ஆக்சைடு மெல்லிய ரோஜா நிறம். நூறு வருஷத்துக்கு மேல் பெரிய உபயோகம் ஏதுமில்லாமல் பட்டியலில் ஒரு கட்டத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், கண்ணாடி இழையில் ஒளி மிகக் குறைவாகத் தேய்வது எந்த அலைநீளத்தில் என்று தேடியவர்கள் 1550 நானோமீட்டர் பக்கம் வந்து நின்றார்கள். 1979ல் ஜப்பானில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு வரை இறங்கிவிட்டார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் எர்பிய அயனி தானாக ஒளிவிடுவதும் 1530 முதல் 1565 வரையான அதே இடத்தில். போதாததற்கு, ஏற்றிய சக்தியை அது சுமார் பத்து மில்லி நொடி கையிலேயே வைத்துக்கொள்கிறது. அணுக்கள் உலகில் அது யுகக் கணக்கு. நிதானமாகச் சேமித்து, கேட்கும்போது கொடுக்கலாம். யாரும் திட்டமிட்டு இப்படி ஒரு தனிமத்தைச் செய்திருக்க முடியாது.

1987ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்னும் ராபர்ட் மியர்ஸும் குழுவினரும் எர்பியம் இழைப் பெருக்கியைச் செய்துகாட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசூர்வீரும் அதையே செய்துகாட்டினார். அவர் பிரெஞ்சுக்காரர், புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அதற்குப் பிறகு கடலடிக் கேபிளில் ஒளியை மின்சாரமாக்கி, மறுபடி ஒளியாக்கும் சுற்று வேலை ஒழிந்தது. 2020ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போட்ட சுமார் 2300 கிலோமீட்டர் கேபிளிலும் நம் வங்கக் கடலின் அடியில் ஒளியைக் கைமாற்றிவிடுவது எர்பியம்தான்.

பெருக்கி உழைப்பாளி. நான் சொல்ல வந்தது கலைஞனைப் பற்றி.

எளிமையான வளைய லேசருக்கு வேண்டிய சாமான்களை ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடுக்கிவிடலாம். 980 நானோமீட்டர் ஒளி தரும் பம்ப் டயோடு. அந்த ஒளியை வளையத்துக்குள் ஏற்றிவிடும் கப்ளர். எர்பியம் இழை, ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் வரை. ஒளி ஒரே திசையில் ஓட ஐசோலேட்டர். சுற்றி வருவதில் ஒரு பங்கை, பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளியே எடுக்க இன்னொரு கப்ளர். இழையைச் சுற்றி வைத்து இப்படியும் அப்படியும் சாய்க்கும் மூன்று பேடில்கள். அவ்வளவுதான். வளையம் பத்து மீட்டர் என்றால் ஒளி அதை நொடிக்குச் சுமார் இரண்டு கோடி தடவை சுற்றும்.

சாமான் குறைவு என்பதாலேயே ஒவ்வொன்றின் தேர்வும் வெளியே தெரிந்துவிடுகிறது. எர்பியம் இழையின் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆதாயம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். எர்பியம் அப்படிப்பட்டதல்ல, பம்ப் ஒளி எட்டாத கடைசிப் பகுதி, முன்பகுதி உண்டாக்கியதையே விழுங்க ஆரம்பிக்கும். விழுங்கியதை இன்னும் நீண்ட அலையாகத் திருப்பித் தரும். அதனால் இழையை நீட்டினால் லேசரின் நிறமே 1570க்கு அப்பால் நகரும். இழப்பிலும் இதே குணம். வளையத்தில் இழப்பு அதிகமென்றால் லேசர் 1530 பக்கம் எரியும். குறைத்தால் 1560 பக்கம் வந்து உட்காரும். அனுபவசாலி ஒருவர் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையைப் பார்த்த மாத்திரத்தில், ‘எங்கேயோ ஒரு ஒட்டு சரியில்லை’ என்பார். மந்திரம் ஏதுமில்லை. நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒட்டு என்றதும் இன்னொன்று. எர்பியம் இழையின் உள்கரு, பம்ப் ஒளியை நெருக்கிப் பிடிப்பதற்காகச் சாதாரண இழையின் கருவைவிடச் சிறியதாக வைக்கப்படுகிறது. சிறியதும் பெரியதும் சேரும் இடத்தில் ஒளி சிந்தும். அங்கே கைதேர்ந்தவர்கள் பொறியை ஒரு தடவையோடு விடுவதில்லை; மறுபடியும் மறுபடியும் மெல்லக் காட்டுவார்கள். சூட்டில் கருவிலிருக்கும் கலவை பக்கவாட்டில் கொஞ்சம் பரவி, இரண்டு அகலங்களும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். இழப்பு படிப்படியாக இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பம்ப் ஒளியும் தெரியாது. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் எர்பியம் இழைச் சுருள் பச்சையாகத் தணலிட்டுக்கொண்டிருக்கும். ஒரு பம்ப் ஃபோட்டானை வாங்கிய அயனி, கீழே இறங்குவதற்குள் இன்னொன்றையும் வாங்கி, இரட்டிப்பு உயரத்துக்குப் போய், அங்கிருந்து பச்சையாக விடுகிறது. பொறியாளர் கணக்கில் இது விரயம். ஆனால் பம்ப் எதுவரை எட்டுகிறது, எங்கே தீர்ந்துபோகிறது என்று வெறுங்கண்ணால் காட்டுவது இந்த விரயம்தான். பச்சை மங்கும் இடத்தைப் பார்த்து இழையை எங்கே வெட்டலாம் என்று ஒரு தோராயம் கட்டலாம். எந்த அளவுகோலும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

இந்த லேசரின் உச்சம் மோடு-லாக்கிங். சும்மா விட்டால் வளையத்தில் ஒளி தொடர்ச்சியாக ஓடும். செறிவான ஒளிக்கு மட்டும் வழிவிட்டு, சன்னமானதை மறிக்கும் ஒரு காவல் இருந்தால், ஒளி தன்னைத்தானே திரட்டிக்கொண்டு ஒற்றைத் துடிப்பாகச் சுற்ற ஆரம்பிக்கும். அந்தக் காவலுக்கு எத்தனையோ வழிகள். எட்டு வடிவத்தில் இரண்டு வளையங்களைக் கோப்பார்கள். குறைக்கடத்தி ஆடி வைப்பார்கள். கார்பன் நானோகுழாய், 2009க்குப் பிறகு கிராஃபீன் என்று மெல்லிய படலங்களை இழை முனையில் ஒட்டுவார்கள். கிராஃபீன் வந்த பிறகு கையில் கிடைத்த ஒவ்வொரு கரும்பொடியையும் இழையில் தடவி, ‘புதிய லேசர்’ என்று கட்டுரை போட்ட காலம் ஒன்று இருந்தது. படலம் மாறியது, லேசர் பெரும்பாலும் பழையதுதான்.

எனக்குப் பிடித்தது எதையும் ஒட்டாத வழி. ஒளி செறிவாக இருந்தால் கண்ணாடியின் குணம் கொஞ்சம் மாறி, ஒளியின் முனைவாக்கம், அதாவது அலை அதிரும் திசை, தானாகத் திரும்பும். பேடில்களைச் சரியான கோணத்தில் சாய்த்தால், துடிப்பின் உச்சி முனைவாக்க வடிகட்டியைத் தாண்டும், ஓரங்கள் மாட்டிக்கொள்ளும். கண்ணாடியே காவல். பேடிலை ஒரு மயிரிழை நகர்த்துவார்கள். ஆசிலோஸ்கோப்பில் மூடுபனிபோல் இரைச்சல். இன்னும் கொஞ்சம். சட்டென்று திரையில் சம இடைவெளியில் கோடுகள் வந்து நிற்கும். ஸ்பெக்ட்ரம் திரையில் ஒல்லிக் குச்சியாக இருந்தது பத்து நானோமீட்டர் அகலத்துக்கு விரியும். விரிந்த மேட்டின் இருபுறமும் கூரான முட்கள் முளைக்கும். கெல்லி பக்கப்பட்டைகள் என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பு கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் இளைக்கும்போது உதிர்க்கும் ஒளி அது. குறை என்று அதை மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. முட்களின் இடைவெளியை அளந்தால் மொத்த வளையத்தின் பிரிகையை, அதாவது நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறும் அளவை, கணக்குப் போட்டுவிடலாம் என்பதால் எனக்கு அவற்றின் மேல் மரியாதை.

அந்தத் துடிப்புக்கு சொலிட்டான் என்று பெயர். துடிப்பை அகலமாக்கிச் சிதறடிக்கப் பார்க்கும் பிரிகையும், அதைக் கூம்ப வைக்கப் பார்க்கும் கண்ணாடியின் நேர்கோடில்லாக் குணமும் ஒன்றையொன்று சமன்செய்ய, வடிவம் கலையாமல் ஓடும் அலை. 1834ல் ஸ்காட்லாந்துக் கால்வாயில் அப்படியொரு நீரலையைக் கண்டு ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் துரத்திக்கொண்டு போனார். ஒளியிழையில் அது சாத்தியம் என்று 1973ல் ஹசெகாவாவும் டாப்பர்ட்டும் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. குருசுக்குப்பத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் வரும் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பின்னாளில் பேராசிரியராக இருந்தவர் கே.பொற்செழியன். அவரும் கே.நக்கீரனும் சேர்ந்து 1995ல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, எர்பியம் கலந்த இழையில் உயர்படிப் பிரிகையும் சேர்ந்திருக்கும்போது சொலிட்டான் எப்படி ஓடும் என்பதைப் பற்றியது. அவர்களுடைய சமன்பாட்டில் எர்பியம் வெறும் பெருக்கி அல்ல. துடிப்பின் முன்பாதி அணுக்களுக்குச் சக்தியைக் கொடுக்கிறது. பின்பாதி சிந்தாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விழுங்க வேண்டிய ஊடகம் அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் தெள்ளத் தெளிவாகிவிடுகிறது. இந்தத் தெளிவும் பிரிகைச் சமனும் சேர்ந்த சொலிட்டானை ஜப்பானில் நகாசாவா குழு 1991லேயே எர்பியம் இழையைக் கடுங்குளிரில் வைத்து ஆராய்ந்திருந்தது. உயர்படி உறுப்புகளைச் சேர்த்த பின்பும் அந்தக் கணிதம் உடையாமல், துல்லியமான தீர்வோடு நிற்கிறது என்று காட்டியது இந்த இருவரின் சாதனை. நக்கீரன் என்று பெயர் வைத்துக்கொண்டு குற்றம் காணமுடியாத தீர்வு எழுதுவது பொருத்தம்தானே.

காகிதத்தில் இருக்கும் சொலிட்டானுக்கு ஒட்டு இழப்பு கிடையாது, ஏசி ஓடுவதும் நிற்பதும் கிடையாது. ஆய்வக வளையத்தில் அத்தனையும் உண்டு. இருந்தும் ஆசிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் காகிதம் சொன்னதே நடக்கிறது. பம்பைக் கூட்டினால் துடிப்பு பெருப்பதில்லை. அதன் சக்தியை வளையமே நிர்ணயித்துவிட்டது. மிஞ்சுவதை வைத்து இரண்டாவது துடிப்பு பிறக்கும், பிறகு மூன்றாவது. பம்பைக் குறைத்தால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஒன்றே ஒன்று மிஞ்சிய பிறகும், முதலில் தொடங்கத் தேவைப்பட்ட அளவுக்குக் கீழே கொண்டுபோனாலும், அது நிற்காது. பிறப்பதற்கு வேண்டியதைவிட வாழ்வதற்குக் குறைவாகவே கேட்கிறது.

சொலிட்டானின் இந்தச் சக்தி வரம்பைத் தாண்டத்தான் அமெரிக்காவின் எம்ஐடியில் டமுரா, இப்பன், ஹவுஸ், நெல்சன் 1993ல் எதிரெதிர்ப் பிரிகையுள்ள இழைகளை ஒரே வளையத்தில் இணைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பு விரிந்து சுருங்கும். விரிந்திருக்கும்போது செறிவு குறைவதால் அதிகம் சுமக்கும். வெளியே வந்தது 77 ஃபெம்டோ நொடி, அதாவது அந்த ஒளியலையின் பதினைந்தே அசைவுகள். இத்தனை வடிவமைப்புகளில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிறுவனம் வேறு திசையில் போனது. அவர்களுடைய கவனம் கண்ணாடியிலேயே. எர்பியத்தை அதிகம் திணித்தால் அயனிகள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, ஒளிவிடாமல் தங்களுக்குள்ளேயே சக்தியைக் கைமாற்றித் தீர்த்துவிடும். அலுமினியம் சேர்த்தால் அவை விலகி உட்காரும். சிர்க்கோனியா, இட்ரியா, அலுமினா மூன்றையும் சேர்த்து அவர்கள் இழுத்த இழையில் எர்பியம் இன்னும் நிறைய உட்கார்ந்தது. மலேயா பல்கலைக்கழகத்தார் அதை வாங்கிக் குறைந்த நீளத்தில் பெருக்கிகளும் லேசர்களும் கட்டிக்காட்டினார்கள். லேசரின் புகழில் இழை இழுத்தவர்களுக்குப் பங்கு எப்போதும் குறைவாகவே வருகிறது, நியாயமில்லை.

யாராவது தங்கள் எர்பியம் லேசரைப் பெருமையோடு காட்டினால் நான் எத்தனை மில்லிவாட் என்று கேட்பதில்லை. பம்பை எதுவரை இறக்கினால் துடிப்பு நிற்கிறது என்று கேட்பேன். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் ஓடிக்கொண்டிருக்குமா என்று கேட்பேன். பேடிலைக் கலைத்துவிட்டு, என் எதிரிலேயே மறுபடி பிடித்துக்காட்டச் சொல்வேன். சிலர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.