கரடி வீழ்ந்த பின்னர்: ‘தி எட்ஜ்’ திரைப்படத்தில் இயற்கையும் மனிதப் பகையும்

காட்டில் சிக்கியோர் உயிர்பிழைக்கப் போராடும் திரைப்படங்களை ஆராய்வோர், அவற்றில் வரும் விலங்கை மனித மனத்துக் கொடுமையின் குறியீடாகக் கொள்வது பெருவழக்கு. டேவிட் மேமட் திரைக்கதை எழுத, லீ தமஹோரி இயக்கி 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி எட்ஜ்’ படத்திற்கும் இவ்விளக்கமே தரப்படுவதுண்டு. படத்தின் கதையமைப்பு இதற்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செல்வந்தர் சார்ல்ஸும் அவர் மனைவியைப் படமெடுக்க வந்த புகைப்படக் கலைஞர் ராபர்ட்டும் உதவியாளர் ஸ்டீவனும் செல்லும் சிறு விமானம், பறவைகள் மோதியதால் அலாஸ்காவின் ஏரியொன்றில் வீழ்கிறது. மனைவிக்கும் ராபர்ட்டுக்கும் உறவுண்டு என ஐயுறும் சார்ல்ஸ், தம்மை எவ்வாறு கொல்லப்போகிறீர்கள் என விமானத்திலேயே வினவிவிடுகிறார். ஆகவே பகை காட்டில் தோன்றியதன்று. ஊரிலிருந்து உடன் வந்தது.

ஸ்டீவனைக் கொன்று மற்ற இருவரையும் விடாது தொடரும் பழுப்புக் கரடி அப்பகையை வளர்க்கவில்லை, ஒத்திவைக்கிறது. அது உயிரோடிருக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் காத்தே ஆகவேண்டும். ஈட்டி செய்து அதனைக் கொன்ற பின்னரே, ஆளில்லாக் குடிலொன்றில் துப்பாக்கி கிடைக்கிறது. அங்கேயே கடிகாரம் வாங்கிய பற்றுச்சீட்டு சார்ல்ஸின் ஐயத்தை உறுதிசெய்கிறது. கரடி பகைமையின் குறியீடாயின், அது வீழ்ந்ததும் பகையும் வீழ்ந்திருக்க வேண்டுமன்றோ? படத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு.

நம் மாணவர்கள் இத்தகைய படங்களில் உள்ளுறையைத் தேடுவது இயல்பே. உள்ளுறையில் கருப்பொருள் சொல்லாத பொருளுக்குத் துணைநிற்கும். இக்கரடியோ எவர் உள்ளத்தையும் சுட்டாது; பசித்த விலங்காக மட்டுமே வருகிறது. (அதனைத் திரையில் காட்டியது பார்ட் எனும் பழக்கப்பட்ட கரடியே. அதன் மெய்யான உடற்கனம் குறியீட்டு வாசிப்பை மேலும் தடுக்கிறது எனலாம்.)

குறியீடு என ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் இறுதியில் வரும் குழியைச் சுட்டலாம். கரடிக்காக மனிதர் வெட்டிய அப்பொறிக்குழியில், சார்ல்ஸைச் சுடவந்த ராபர்ட் விழுந்து காலை முறித்துக்கொள்கிறார். இம்முரண் வெளிப்படையானது, அதனினும் ஆழமானது அடுத்து நிகழ்வது. சார்ல்ஸ் எதுவும் செய்யாது நடந்துவிட்டால் போதும். குளிரும் காயமும் மற்றதை முடித்துவிடும். சாட்சியில்லை, பழியுமில்லை. இயற்கை நீட்டும் இவ்வசதியை அவர் மறுத்து, பகைவனை மேலே தூக்கிக் காயத்திற்குக் கட்டுப்போடுகிறார். மீட்பு வரும் வேளையில் ராபர்ட் இறந்துவிடுகிறார் எனினும், அச்செயலின் தகுதி குறையவில்லை.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். மூவருள் கறுப்பினத்தவரான ஸ்டீவன் முதலில் பலியாவது, இருவர் மோதலுக்குக் களத்தை ஒழித்துத் தரும் ஏற்பாடாகவே எஞ்சுகிறது.

அலெஹாந்த்ரோ இன்யாரித்துவின் ‘தி ரெவனன்ட்’ (2015) படத்திலும் கரடியும் பகைவனும் உண்டு. 1823ஆம் ஆண்டு கரடியால் சிதைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட வேட்டைக்காரர் ஹியூ கிளாஸ், தம்மைக் கைவிட்ட ஃபிட்ஸ்ஜெரால்டைக் கொல்லவில்லை என்பதே வழிவழிச் செய்தி. படமோ கிளாஸுக்கு ஒரு மகனைப் படைத்து, அவனைக் ஃபிட்ஸ்ஜெரால்டின் கையால் கொல்வித்து, பழிக்கு நியாயம் தேடுகிறது. இறுதியில் கிளாஸ் தம் கையால் முடிக்காது, பகைவனை ஆற்றில் தள்ளிவிட, எதிரே நிற்கும் அரிக்காரா மக்கள் அவனைக் கொல்கின்றனர். தீர்ப்பை ஆற்றிடம் ஒப்படைத்த இப்படத்தினும், குழியிடம் ஒப்படைக்க மறுத்த பழைய படமே மனிதனிடம் மிகுதியாகக் கேட்கிறது.