முற்பிறவியும் முன்னுண்மையும்: ஒரிஜன் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர் உளது. தைப்பூசக் காலத்தே காவடி தாங்கிக் கால்நடையாய்ச் செல்லும் அடியார் கூட்டம் இவ்வழியே பழனியை அடையும். இவ்வூரைச் சூழ்ந்த திண்டுக்கற் சமவெளியிற் சைவரும் கத்தோலிக்கக் கிறிஸ்தவரும் பல தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர். இருவர் மனையிலும் குழவிகள் பிறக்கின்றன. அவற்றுட் சில நிறைந்த உறுப்புடனும், சில பார்வையின்றியும் பிறக்கின்றன. 'இக்குழவி செய்த பிழை யாது?' என்று தாய் அழுது வினவுங்கால், சைவ மனையில் 'முன்னை வினை' என்பர். கிறிஸ்தவ மனையில் 'ஆண்டவர் சித்தம்' என்பர். இவ்விரு விடைகளும் தமிழ்நாட்டில் நூல் வடிவில் எதிர்ப்பட்டது இற்றைக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன்னராம்.

திண்டுக்கற் கோட்டையையும் உள்ளடக்கி மதுரை நாயக்கர் ஆண்ட காலத்தே, 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தவர் இத்தாலி தேசத்து இயேசு சபைத் துறவியாராகிய ராபர்ட் தெ நொபிலி என்பார். தத்துவ போதக சுவாமி என்னும் பெயர் பூண்டு, 1656-இல் மயிலாப்பூரிற் காலஞ்சென்ற இவர், தமிழிற் பல நூல்கள் இயற்றினர். அவற்றுள் 'ஆத்தும நிருணயம்' உயிரின் இயல்பை ஆராய்வது. 'புனர்ஜென்ம ஆட்சேபம்' பெயரளவிலேயே தன் கருத்தை வெளிப்படுத்துவது. உடல்தோறும் உயிர் இறைவனாற் புதிதாகப் படைக்கப்படுகின்றது, உயிர்க்கு முன்னைப் பிறவி என்பதொன்றில்லை என்பது அவர் சார்ந்த திருச்சபையின் துணிபு. இத்துணிபு அவர்க்கு ஐயத்திற்கிடமில்லாத முடிபாகவே கிடைத்தது. ஆயினும் அத்திருச்சபையின் முதல் ஐந்து நூற்றாண்டுகளில் இப்பொருள் அத்துணை எளிதாக முடிந்துவிடவில்லை என்பது வரலாறு.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டிக் கிறிஸ்தவரை மடக்க முயல்வார் பலர். அடையாற்றில் 1882 முதல் நிலைபெற்ற தியாசபி சங்கத்தாரின் சார்பினின்று பரவிய ஒரு கூற்று, சைவர் மேடைகளிலும் ஏறியிருக்கின்றது. 'ஆதிக் கிறிஸ்தவர் அனைவரும் மறுபிறப்பை நம்பினர்; 553-இல் கூடிய மகாசபை ஒன்று அதனை வேதத்தினின்றும் நீக்கிவிட்டது' என்பது அது. கேட்பதற்கு இனிதாகலின் இதனை ஆராய்வார் சிலர்; எடுத்தோதுவார் பலர். இக்கூற்று மூன்றிடத்திற் பிழைபடுகின்றது. ஆதிக் கிறிஸ்தவர் அனைவரும் அங்ஙனம் நம்பினாரல்லர். நம்பிய சிலரும் நம்பியது மறுபிறப்பையன்று. அச்சபையால் வேதத்தினின்றும் நீக்கப்பட்ட வாசகம் யாதும் இல்லை.

இக்கொள்கைக்குத் தலைமை ஆசிரியராகக் கொள்ளப்படுபவர் அலெக்ஸாந்திரியா நகரத்து ஒரிஜன். இவர் கி. பி. 185-ஐ ஒட்டிப் பிறந்தவர். தீசியுஸ் என்னும் உரோமச் சக்கரவர்த்தி காலத்தே, 250-ஐ ஒட்டி, தம் சமயத்தின் பொருட்டுச் சிறையிற் கொடுந்துன்பம் அனுபவித்துச் சில ஆண்டுகளில் இறந்தவர். ஆதலின் இவரை வேறு சமயத்தினின்று புகுந்த புறத்தாராக எண்ணுதல் பொருந்தாது. இவர் யவன பாஷையில் இயற்றிய 'முதற்பொருள்கள்' என்னும் நூலின் மூலம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. இன்று முழுமையாகக் கிடைப்பது ரூபீனுஸ் என்பார் 398-ஐ ஒட்டிச் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பே. சங்கைக்கிடமான பகுதிகளை மாற்றியமைத்ததாக அம்மொழிபெயர்ப்பாளரே முகவுரையில் ஒப்புக்கொள்கின்றார். எனவே ஒரிஜன் கருத்து இதுவென அறுதியிட்டுரைப்பார் சிறிது அஞ்சி உரைத்தல் வேண்டும். இவ்வச்சம் மேடைப் பேச்சாளரிடங் காணப்படுவதில்லை.

ஒரிஜன் காலத்தே மார்சியன், வாலந்தீன் முதலியோரைப் பின்பற்றியவர்கள் ஒரு பெருந்தடை எழுப்பினர். ஒருவன் கல்வி மிக்க யவனர் நடுவிலும், ஒருவன் கொடிய வழக்கமுடைய காட்டு மக்கள் நடுவிலும் பிறக்கின்றான். ஒருவன் பிறவியிலேயே பார்வையற்றவன். இவ்வேற்றுமை படைத்தவன் நீதியுடையவனாதல் எங்ஙனம் என்பது அத்தடை. இஃது அப்படியே திண்டுக்கல் நாட்டுத் தாயின் வினாவாதல் காண்க. ஒரிஜன் கூறிய விடை வருமாறு: இறைவன் ஆதியில் அறிவுடைப் பொருள்கள் யாவற்றையும் ஒத்தனவாகவும் தூயனவாகவுமே படைத்தான். அவற்றிற்குச் சுதந்திரம் அளித்திருந்தான். அவை இறைக்காட்சியிற் சோர்ந்து, அன்பின் வெம்மை குன்றிக் குளிர்ந்து, தத்தம் சோர்வின் அளவிற்கேற்பக் கீழ் இழிந்தன. சிறிதே இழிந்தவை தேவதூதராயின. மிக இழிந்தவை பேய்களாயின. இடைப்பட்டவை மானுட உடலை எய்தின. உயிரைக் குறிக்கும் யவனச் சொல்லே 'குளிர்தல்' என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்திருக்கலாம் என்றும் அவர் கூறிப்பார்க்கின்றார். சொல்லாராய்ச்சி செய்து பொருள் நிறுவும் ஆசை நம் நாட்டு உரையாசிரியர்கட்கே உரியதன்று போலும்! இசாக்கின் மக்கள் யாக்கோபு, ஏசா இருவருள் ஒருவன் தாய்வயிற்றிலிருக்கும்போதே விரும்பப்பட்டும் மற்றவன் வெறுக்கப்பட்டும் நின்றமைக்கு முன்னிலைத் தகுதியையே காரணமாகக் காட்டுவர். உலகம் இவ்வுயிர்களை மீட்டுத் திருத்துதற்கு அமைந்த பள்ளிக்கூடமும் மருத்துவசாலையும் போல்வது. முடிவில் யாவும் மீண்டும் இறைவனை அடையும் என்பது அவர் நம்பிக்கை.

இஃது உயிரின் முன்னுண்மையாம். அஃதாவது, உடலெடுப்பதற்கு முன் உயிர் உண்டு என்னுங் கொள்கை. இவ்வுலகத்தே ஓர் உடலை விட்டு மற்றோர் உடலிற் புகும் மறுபிறப்பு என்பது வேறு. எலியா என்னும் தீர்க்கதரிசியே யோவானாக வந்தான் என்பார் கூற்றை எடுத்துக்கொண்டு, மத்தேயு சுவிசேஷ உரையில் ஒரிஜன் உயிர் உடல் மாறுதலைத் திருச்சபைக்குப் புறம்பானதென்று வெளிப்படையாகவே மறுக்கின்றார். அவர்மேல் மறுபிறப்புக் குற்றஞ் சாட்டியோரும் இருந்தனர். ஜெரோம் அவருள் ஒருவர். ஒன்றன்பின் ஒன்றாகப் பல உலகங்கள் வரும், அவற்றில் உயிர்கள் உயர்வு தாழ்வு எய்தும் என்று ஒரிஜன் எண்ணியதுண்மையின் அக்குற்றச்சாட்டுக்குச் சிறிது இடம் உண்டு. எனினும் 'ஒரிஜன் புனர்ஜென்மவாதி' என்று சைவர் தம் பக்கத்துச் சாட்சியாக நிறுத்துவரேல், எதிரி மத்தேயு உரையை விரித்து வைத்த அளவில் வாதம் முறியும்.

இனி, 553-ஆம் ஆண்டின் சபையைக் காண்பாம். ஜஸ்தீனியன் சக்கரவர்த்தி 543-இல் மேனாஸ் என்னும் குருவுக்கு விடுத்த ஆணையில், உயிர்கள் முன்னர்த் தூய அறிவுகளாயிருந்து காட்சியிற் சலிப்புற்று உடலிற் தள்ளப்பட்டன என்பாரைச் சபித்தான். அதன்பின் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய ஐந்தாம் மகாசபைக்கு எடுத்துக்கொண்ட முதற் பொருள் வேறு மூவர் நூல்களைப் பற்றியது. ஒரிஜன் கொள்கையைக் கண்டிக்கும் பதினைந்து கண்டனங்கள் அச்சபையின் தொடர்பில் வழங்கி வருகின்றன. அவற்றைச் சபை கூடுமுன்னரே ஆயர்கள் ஏற்றனரோ, சபையிலேயே ஏற்றனரோ என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. அந்நகரிலேயே இருந்த உரோமைப் பாப்பு விஜீலியுஸ் சபை நடவடிக்கைகளுக்கு வரவில்லை. கண்டிக்கப்பட்டது முன்னுண்மையே. 561-இல் ஸ்பானிய நாட்டுப் பக்கத்துப் பிராகா நகரிற் கூடிய சபையும், விண்ணிற் பாவஞ்செய்து உடலில் வீழ்ந்த உயிர்கள் என்னும் பிரிசில்லியன் கூட்டத்தார் கருத்தை விலக்கிற்று. மேல்நாட்டில் இக்கருத்து அதுகாறும் உயிரோடிருந்தமைக்கு இதுவே சான்று.

கண்டனத்திற்கு முன் நிலவிய தயக்கத்திற்குச் சினேசியுஸ் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாம். 410-ஐ ஒட்டித் தோலெமாயி நகரத்தார் அவரைத் தம் ஆயராக விரும்பியபோது, உயிர் உடலின் பின் பிறந்ததென்று தாம் ஒருகாலும் ஒப்பப்போவதில்லை என்று முன்னதாகவே எழுதித் தெரிவித்தனர். அவ்வாறிருந்தும் அவரை ஆயராக அமர்த்தியவர், ஒரிஜன் கூட்டத்தாரைச் சில ஆண்டுகட்கு முன் ஒறுத்த அலெக்ஸாந்திரியா தெயோபிலுஸ் என்பாரே! மறுதலையாக, உயிர் தந்தையினின்றும் கிளைபோற் பிரிந்து வருவதென்றார் தெர்த்துல்லியன். உடலுக்கு முன் உயிருமில்லை, உயிருக்கு முன் உடலுமில்லை என்றார் நிசா நகரத்துக் கிரகோரி.

அகஸ்தீன் நிலையே இவையனைத்தினும் ஆழ்ந்து நோக்கற்பாலது. உயிரின் தோற்றத்திற்கு நான்கு வழிகளை அவர் எண்ணினர்: முதல் உயிரினின்று யாவும் கிளைத்தல், பிறப்புத்தோறும் புதிதாகப் படைக்கப்படுதல், முன்னரே இருந்து இறைவனால் அனுப்பப்படுதல், முன்னரே இருந்து தாமே வந்து வீழ்தல் என்பன. 415-இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், உயிர் புதிதாகப் படைக்கப்படுவதாயின் ஒன்றுமறியாக் குழவி படும் நோய்க்கும் துன்பத்திற்கும், ஞானஸ்நானமின்றி இறக்குங்கால் அதற்கு வருங் கதிக்கும் நீதி எங்ஙனம் என்று வினவுகின்றார். தம் முதுமையில் தம் நூல்களையெல்லாம் மீளப் பார்த்தெழுதியபோதும், இவ்வினாவிற்கு விடை முன்னும் அறிந்திலேன், இன்றும் அறிந்திலேன் என்னும் கருத்தினையே பதிந்தனர். தத்துவ போதகர் தமிழில் நூல் எழுதிய காலத்தே, அகஸ்தீன் திறந்தே விட்டுச்சென்ற கதவு பன்னெடுங்காலமாக அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் கதவு அடைக்கப்பட்டதேயன்றி அதன்முன் நின்ற குழவிக்கு விடை கிடைத்ததென்று சொல்லுதற்கில்லை.

இனிச் சித்தாந்த நோக்கில் ஒரிஜன் கொள்கையை மதிப்பிடல் வேண்டும். உடலைத் தண்டனை என்றளவில் நிறுத்தாது மருந்தென்றுங் கண்டமையும், இறைவன் நீதியைக் காத்தற்கு உயிரின் பழமையை நாடினமையும் போற்றத்தக்கன. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காய் உதவுவது மாயையாலாகிய உடல் என்னும் சித்தாந்தக் கருத்திற்கு இஃது அண்மையிலுள்ளது. ஆயினும் அடிப்படையிற் பெருவேற்றுமை உண்டு. கேவலம், சகலம், சுத்தம் என்னும் முறையில் உயிர் இருளினின்றும் ஒளிக்கு ஏறுகின்றது என்பர் சித்தாந்திகள். ஒரிஜனோ சுத்தத்தையே தொடக்கமாக வைத்து, அங்கிருந்து உயிரைச் சகலத்தில் இறக்கி, மீண்டும் சுத்தத்திற்கு ஏற்றுகின்றார். இதனால் இரண்டு தடைகள் எழுகின்றன.

குற்றமற்ற அறிவு, குறைவற்ற இன்பத்தை நேரே நுகர்ந்துகொண்டிருக்குங்கால் சோர்ந்தது ஏன்? சுதந்திரத்தால் என்பரேல், சுதந்திரம் சோர்தற்கும் சோராமைக்கும் பொதுவாகலின் அது காரணமாகமாட்டாது. சோர்விற்கு வித்து முன்னரே அவ்வறிவில் இருந்ததென்று கொள்ளின் அது தூயதென்றல் பொய்யாம். செம்பிற் களிம்புபோல் ஆணவம் உயிரோடு அநாதியே உடனிருந்தது என்று மெய்கண்டார் மரபினர் கொண்டது இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்கேயாம். இரண்டாவது, ஒருமுறை நிறைவினின்று வீழ்ந்த உயிர், மீட்கப்பட்டபின் மீண்டும் வீழாதென்பதற்கு உறுதி யாது? அகஸ்தீனும் இத்தடையை எழுப்பி, இன்பமும் துன்பமும் மாறி மாறி வரும் பேறு பேறாகாதென்று ஒரிஜனை மறுத்தார். அம்மறுப்பு நேரிது. ஆணவத்தின் சத்தி திருவருளால் மடங்கி, உயிர் இதுகாறும் பெறாத நிறைவை அப்போதே பெறுகின்றது என்னும் சித்தாந்தத்திற்கு அத்தடை இவ்வாற்றாற் பொருந்தாது.

'முதற் பிறவிக்கு முன் வினை ஏது?' என்னும் ஆட்சேபம் மறுபிறப்பை மறுப்பார் எக்காலத்தும் கொண்டு வரும் படைக்கலம். இது தொடக்கமுடைய உயிர்களைக் கொண்ட ஒரிஜன்மேல் ஓரளவு தைக்கும். உயிரும் மலமும் அநாதி, வினையும் தொடர்ச்சியால் அநாதி என்பார்மேற் செல்லாது. அற்றேல், இறைவனாற் படைக்கப்படாத பொருள்கள் அவனோடு உடனிருப்பதாகச் சொல்வது அவன் முதன்மைக்குக் குறையன்றோ எனின், கிறிஸ்தவர்க்கு அது குறையாகவே தோன்றும். இவ்விடத்திலேதான் இரு சமயத்தாரும் உண்மையில் பிரிகின்றனர். முதன்மை என்பது யாவற்றையும் படைத்தலா, யாவற்றையும் தன்வழி நிறுத்தி உய்த்தலா என்பதே வினா. இதனை விடுத்து 553-ஐப் பற்றிப் பூசலிடுதல் வீண்.

பிறவிக் குருடனைக் கண்டு, 'இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ?' என்று சீடர் வினவியதாக யோவான் சுவிசேஷத்தில் வருவதையும் சைவர் பலர் மறுபிறப்பிற்குச் சான்றாகக் காட்டுவர். பிறக்குமுன் அவன் பாவஞ்செய்திருத்தல் கூடும் என்னும் எண்ணம் அவ்வினாவில் அடங்கியிருப்பது மெய்யே. ஆயினும் கருப்பையிலேயே குழவி பாவத்தை நாடும் என்னும் ஓர் எண்ணம் யூதரிடையே வழங்கியமையின், அது முன்னைப் பிறவியையே குறிக்கும் என்று துணிதல் ஆகாது. அவ்வினாவிற்கு ஏசு இருவர் பாவமுமன்று என்று விடுத்த விடையைச் சான்று காட்டுவார் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அவ்விடை சைவர்க்கும் பயன்படுவதொன்று. வினை சடம், அது தானே வந்து எவரையும் பற்றாது, பக்குவம் நோக்கி இறைவனே அதனைக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தம். அங்ஙனமாகவும், பார்வையற்ற குழவியின் தாயிடத்து 'நீ அல்லது அது செய்த பாவம்' என்று கூறிச் செல்லும் சைவர், மருந்தைக் குற்றப்பத்திரிகையாக மாற்றுகின்றனர். தத்துவ போதகர் எழுப்பிய ஆட்சேபத்திற்கு விடை எழுதப் புகுவார் முதற்கண் இதனைத் தம்மவரிடத்துத் திருத்திக்கொண்டு, பின்னர்ச் சிவஞான போதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தை மாபாடியத்தோடு வைத்து, அதன்பின் 'ஆத்தும நிருணய'த்தை எடுத்தல் தகும்.