மணப்பந்தலில் இருந்து போர்க்களத்துக்கு

திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடை எந்திரங்களின் இரைச்சலுக்கு அப்பால், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில், 1965ஆம் ஆண்டு உடுக்கை முழங்கப் பல இரவுகள் பாடப்பெற்ற அண்ணன்மார் கதையை மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் ஒலிப்பதிவு செய்தார். அதில் சங்கர் பகைவன் கையால் மடிவதில்லை. தன் வாளிலேயே வீழ்கிறான். பொன்னரும் அவனைப் பின்தொடர்கிறான். செஞ்சித் தேசிங்கும் கதைப்பாடலில் அவ்வாறே, வாளை வானில் எறிந்து தன் மார்பில் ஏந்தி மாய்கிறான். மானம் காத்த வீரனைப் பகைவன் கொன்றான் என்று பாட நம் நாட்டுப் பாடகர்களுக்கு நா எழவில்லை போலும்!

ஆயினும் தேசிங்கின் மானத்தில் செருக்கும் கலந்திருக்கிறது. கப்பம் கேட்ட ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை 1714இல் ஒரு சிறு படையோடு எதிர்த்தான். சிங்கவரத்து அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டும் அவன் தயங்கவில்லை என்கிறது கதை. பிரெஞ்சுக் காவியமான ‘ரோலந்தின் பாடல்’ காட்டும் வீரனும் இத்தகையவனே. துணைப்படையை அழைக்கக் கொம்பை ஊதுமாறு தோழன் ஆலிவர் வேண்டியும் மறுத்து, படை முழுவதையும் அழிவுக்கு ஆளாக்கினான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். 778இல் அந்தப் படையைத் தாக்கியவர்கள் பாஸ்க்கு மலைமக்கள் என்பது வரலாறு. காவியமோ அவர்களை முஸ்லிம்களாக்கிவிட்டது. பகைவன் வேற்று மார்க்கத்தான் ஆனால்தான் வீரம் சிறக்கும் என அந்தக் கவிஞர் எண்ணினார் போலும். நம் தெருப்பாடகனுக்கு அந்தத் தேவை எழவில்லை. முஸ்லிம் நவாபை எதிர்த்த இந்து மன்னனின் பக்கத்தில், மணக்கோலத்தைக் களைந்துவிட்டு வந்த மகபத்கானை நிறுத்தினான். செஞ்சிச் சீமையில் அவன் அடக்கத்தலம் என ஊரார் காட்டும் இடம் இன்றும் உண்டு.

மேடைதோறும் நாம் மகபத்கானைச் சமய ஒற்றுமைக்குச் சான்றிதழாக நீட்டுகிறோம். நம் விசுவாசத்துக்கு யாரிடமோ சாட்சி சொல்ல வந்தவனைப்போல அவனை நடத்துவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. யாருக்கும் எதையும் மெய்ப்பிக்க அவன் குதிரை ஏறவில்லை. தோழன் ஆள் அனுப்பினான், அவன் புறப்பட்டான். அவ்வளவே கதை. கையெழுத்தின்றி வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கை அனுப்பிப் பழகிய நம் வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆனால், அந்த மணப்பெண்? தேசிங்கின் இராணி உடன்கட்டை ஏறியதை உலகம் மறக்கவில்லை. அவள் நினைவாகவே இராணிப்பேட்டை எனப் பெயர் வந்தது என்பர். பந்தலில் விடப்பட்டவளின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மகபத்கானைப் புகழ்ந்து பேசும் நம் சொற்பொழிவாளர்களும் அவளைக் கடந்து போர்க்களத்துக்கு விரைந்துவிடுகின்றனர். இதில் கொங்குப் பாடலே உயர்ந்து நிற்கிறது என்பது நம் துணிபு. அண்ணன்மார் மாய்ந்தபின்னும் அங்கே உடுக்கை ஓய்வதில்லை. அவர்களின் உடலைத் தேடிக் காட்டுவழி செல்லும் தங்கை அருக்காணியோடு பாடகனும் நடக்கிறான்.