விராலுக்கு எந்தத் தவளை?

தூண்டில் கடைகளில் தொங்கும் ரப்பர் தவளைகளில் பெரும்பாலானவை நம் மீனுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் பெரியவாய் பாஸ் மீனை மனத்தில் வைத்து அளவெடுத்தவை. அந்த மீன் நம் ஏரிகளில் கிடையாது. சென்னையில் ரெட்டேரியிலும் மாதவரத்திலும் மணலியைச் சுற்றியுள்ள குளங்களிலும் தவளையைப் பாய்ந்து அடிப்பது விரால். ஆகவே தவளை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அட்டையில் அச்சிட்ட பெயரை அல்ல, விராலின் வாயை.

பாஸ் இரைக்குக் கீழே வந்து வாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். விரால் அப்படியல்ல. துரத்தி வந்து கவ்வுகிற மீன் அது. தாடையெலும்பு கெட்டி, மேலண்ணத்திலும் பல் உண்டு. பலமுறை பின்னாலிருந்து வந்து தவளையின் காலை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போய்விடும். பாஸுக்கென்று செய்த தவளையின் நிலையான அளவு இரண்டரை அங்குலம், அரை அவுன்ஸ். அதாவது சுமார் ஆறரை சென்டிமீட்டர் உடல், பதினாலு கிராம் எடை. பூயா நிறுவனத்தின் பேட் கிராஷர் தவளை அந்த அளவுதான். அரைக்கிலோ, முக்கால் கிலோ விரால்கள் நிறைந்த நம் குளத்தில் அதைப் போட்டால் சத்தம் நிறையக் கேட்கும், முள் ஏறுவது குறையும். அதே தவளையின் சிறிய வகை இரண்டு அங்குலம், கால் அவுன்ஸ். நம் ஊருக்கு அந்த அளவே சரி. நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உடலுக்கு மேல் எதையும் முதலில் வாங்கவேண்டாம் என்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் தவளை பாஸைவிட விராலுக்கே பொருத்தம். விரால் செவுளை மட்டும் நம்பி வாழாது. தலைக்குள் செவுளுக்கு மேலே இருக்கும் தனி உறுப்பால் காற்றைச் சுவாசிக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆகவேண்டும். கோடையில் ஆகாயத்தாமரை மூடி, காற்றோட்டம் செத்துப்போன குளத்தில் மற்ற மீன்கள் திணறும்போது விரால் செடிகளுக்கு இடையிலுள்ள பொத்தலில் மூக்கை நீட்டிக்கொண்டு தெம்பாக இருக்கும். மேல்மட்டத்திலேயே காத்திருக்கும் மீனுக்கு மேல்மட்டத்தில் ஓடும் இரையைக் காட்டுவதுதான் இந்த வித்தையின் மொத்தமும்.

இதை நம்மவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரவில்லை. உயிர்த் தவளையை முள்ளில் கோத்து மூங்கில் கம்பால் செடிமேல் தட்டித்தட்டி விரால் பிடிப்பது தமிழ்நாடெங்கும் பழைய முறை. இன்று அதைச் செய்யவேண்டிய தேவை இல்லை, செய்யவும் கூடாது. வயல்களில் இருந்த பெரிய மஞ்சள் தவளைகளைக் காலுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்து அழித்தோம். 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பூச்சியைத் தின்று வயலைக் காக்கும் ஓர் உயிரைத் தூண்டிலில் துடிக்கவிடாமல் அதே மீனைப் பிடிக்க முடிகிறது என்பதே ரப்பர் தவளையின் பெரிய சிறப்பு என்று நான் நினைக்கிறேன்.

தவளைகள் இரண்டு சாதி. ஒன்று உள்ளே காற்றடைத்த வெற்றுடல் தவளை. வயிற்றுக்கடியில் இரட்டை முள், இரண்டு நுனிகளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். மீன் கடித்ததும் உடல் நசுங்கி முள் வெளியே வரும். மற்றொன்று முழுக்க மென்பிளாஸ்டிக்கால் வார்த்த கெட்டித் தவளை. அதில் முள் இருக்காது. நாம்தான் தனி முள் வாங்கிக் கோக்கவேண்டும். சென்னையில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கையில் முதல் வகைதான் பார்க்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கட்டி வீசலாம் என்பது அதன் வசதி. கேரளத்தில் விரால் பிடிப்பவர்கள் கையாலேயே சிறு தவளைகள் செய்து, வாலில் சுழலும் தகடு வைத்து விற்கிறார்கள். அவை நம் குளங்களிலும் நன்றாக வேலை செய்கின்றன.

வெற்றுடல் தவளையை வாங்குமுன் கடையிலேயே மூன்று காரியம் செய்துவிடலாம். வயிற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்த வேண்டும். லேசாக அழுத்தும்போதே முள் நுனி இரண்டும் விரலில் தட்டுப்படவேண்டும். விரலை நெரித்து அழுத்தினால்தான் நுனி தெரிகிறது என்றால் அது வெயிலில் காய்ந்த மலிவு ரப்பர். விரால் அதை மெல்லும், முள் ஏறாது. அடுத்து முள்ளின் நுனியை நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுக்கவேண்டும். வழுக்கினால் மொண்ணை, கீறிக்கொண்டு நின்றால் கூர். காசிமேட்டில் முள் வாங்குபவர்கள் காலங்காலமாகச் செய்கிற சோதனை இது. கடைசியாக மூக்கு ஓட்டை. முள்ளின் தண்டு வெளியே வரும் அந்த இடத்தில் ரப்பர் இறுக்கமாகப் பிடித்திருக்கவேண்டும், இல்லையென்றால் நான்கு வீச்சில் உடலுக்குள் தண்ணீர் புகுந்து தவளை ஒருபக்கமாகச் சாயும்.

நூறு ரூபாய்க்குச் சற்று மேலே கிடைக்கும் பெயரில்லாத தவளைகளின் ரப்பர் பெரும்பாலும் பரவாயில்லை. முள்தான் மோசம். நல்ல மீன் ஒன்று செடிக்குள் தலையைக் கொடுத்து இழுத்தால் விரிந்துவிடும். எனக்கு அப்படி விரிந்த முள்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கெட்டித் தவளையின் மேல் பிரியம் வந்தது. அதில் முள் நம் தேர்வு. தடித்த, கூரான ஒற்றை முள் விராலின் எலும்பு வாயில் ஏறும் விதமே வேறு. மீனைத் திருப்பி விடும்போதும் ஒற்றை முள்ளைக் கழற்றுவது எளிது.

கெட்டித் தவளையில் மிதப்பது, மூழ்குவது என்ற பிரிவு முக்கியம். ஸ்டான்லி ரிப்பிட் மிதக்கும். சூம் ஹார்னி டோட் நிறுத்தினால் மூழ்கும். மூழ்குவது குறையல்ல, அது வேறு கருவி. அதைப் போட்ட நொடியிலிருந்து ராடை உயர்த்திப் பிடித்து நிற்காமல் சுற்றவேண்டும். இரண்டு கால்களும் தண்ணீரை உதைத்துக் குமிழி கிளப்பிக்கொண்டு வரும். மழைக்குப் பின் கரையோரப் புல் மூழ்கி, இடையிடையே திறந்த தண்ணீர் இருக்கும் குளத்துக்கு இது அருமை. ஆகாயத்தாமரையின் பொத்தலில் நிறுத்தி நிறுத்தி ஆட்டவேண்டும் என்றால் மிதப்பதுதான் வேண்டும்.

இனி கோப்பது. காலோடு சேர்த்து மூன்றங்குலம் வரும் தவளைக்கு 3/0, நான்கங்குலத்துக்கு 4/0 அல்லது 5/0 அளவில் அகல வாய் ஆஃப்செட் முள். தவளையின் உடல் தடிமன்போக முள்ளின் வாயில் இன்னும் அரை அங்குலமாவது காலியிடம் இருக்கவேண்டும். அந்த இடம் இல்லையென்றால் பிளாஸ்டிக் மடிந்து முள்ளை அடைத்துக்கொள்ளும், மீன் வெறும் ரப்பரைக் கடித்துவிட்டுப் போகும்.

சாதாரண ஆஃப்செட் முள் என்றால் நுனியைத் தவளையின் மூக்கு நடுவில் குத்தி, அரைச் சென்டிமீட்டர் உள்ளே போனதும் தாடைக்கடியில் வெளியே எடுக்கவேண்டும். முள்ளை அப்படியே இழுத்து, கழுத்து மடிப்பு மூக்குக்குள் உட்காரும்வரை கொண்டுவந்து, அரைவட்டம் திருப்பவேண்டும். இப்போது முள்ளைத் தவளையின் வயிற்றோடு சேர்த்துத் தொங்கவிட்டால் வளைவு எந்த இடத்தில் படுகிறதோ அதுதான் குத்தவேண்டிய இடம். கண்ணால் குறித்துக்கொண்டு, உடலைச் சற்று வளைத்து, வயிற்றில் குத்தி முதுகில் எடுக்கவேண்டும். முதுகில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கும். நுனி அந்தப் பள்ளத்தில் படுத்திருக்க, மேல்தோலில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் செருகிவைத்தால் போதும். அதிகம் செருகினால் சுண்டும்போது நுனி வெளியே வராது. செருகாமல் விட்டால் ஒவ்வொரு செடியையும் வாரிக்கொண்டு வரும்.

இதைவிட நான் சிபாரிசு செய்வது மூக்கில் சுருள்கம்பி வைத்த முள். சுருளைத் தவளையின் மூக்கில் திருகி ஏற்றிவிட்டு, பிறகு வயிற்றில் குத்தவேண்டியதுதான். விரால் உலுக்கும் உலுக்கில் சாதாரண முள்ளில் மூக்கு கிழிந்து தவளை கீழே வழுக்கும். சுருளில் அது நெடுநேரம் தாங்கும். மூக்கில் ஒரு சொட்டு உடனடிப் பசை வைத்தால் இன்னும் தாங்கும். கோத்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். தவளை புரண்டு வயிற்றைக் காட்டினால் முள் நடுக்கோட்டில் இல்லை என்று பொருள். வேறு வழியில்லை, கழற்றி மறுபடி கோக்கவேண்டும்.

வெற்றுடல் தவளையே போதும் என்பவர்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. தொங்கும் கால் இழைகள் நீளமாக இருந்தால் விரால் அவற்றைத்தான் பிடிக்கும், ஆகவே வெட்டிக் குறையுங்கள். ஒரு காலை மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டினால் தவளை இடம்வலமாக ஆடுவதும் எளிதாகும். இரட்டை முள்ளின் நுனிகளை இடுக்கியால் மயிரிழையளவு வெளிப்பக்கம் விரிக்கலாம். அதற்கு மேல் விரித்தால் செடி மாட்டும்.

கயிறு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. தங்கூஸ் இழுபடும், செடிக்குள் தலையைப் புதைத்த மீனை அது எழுப்பாது. நாற்பது பவுண்டு பின்னல் கயிறு, நேரடியாக முள்ளின் வளையத்தில் பாலோமார் முடிச்சு. இடையில் கொக்கியோ சுழலியோ வேண்டாம், அவை செடியைக் கோத்துக்கொள்ளும். ராடு ஏழடிக்குள், முதுகு விறைத்ததாக இருக்கட்டும்.

அடி விழுந்ததும் சுண்டக்கூடாது. சொல்வது எளிது, கை கேட்காது. தண்ணீர் வெடிக்கும் சத்தத்துக்குக் கை தானாக எழும். தவளை நம் முகத்துக்குப் பறந்து வரும். ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, மீனின் கனம் கயிற்றில் தெரிந்தபிறகு ஒரே வீச்சாகச் சுண்டவேண்டும். அடித்துத் தவறிய மீன் அங்கேயே இருக்கும். தவளையை இழுத்துவிடாமல் அதே இடத்தில் லேசாக நடுங்கவிடுங்கள், பல நேரம் மறுபடி அடிக்கும். நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் எதிரே தெரிவது வயிறும் உருவமும்தான். விடியலுக்கும் மாலைக்கும் கறுப்பு, பகலுக்கு வெளிர்வயிறு. மீதி நிறமெல்லாம் நம் கண்ணுக்காக.

எண்ணூரிலோ எர்ணாவூரிலோ இருப்பவர் தவளையை எடுத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போய்விடக்கூடாது. அங்கே ஓடுவது உவர்நீர், அது கொடுவா மீனின் வீடு. கொசஸ்தலையாற்றில் வல்லூர் அணைக்கட்டுக்கு மேலேதான் விராலுக்கான நன்னீர். கீழே கடலேற்றம் ஆள்கிறது. கழிமுகத்துக்கு மீன் வடிவ மென்பிளாஸ்டிக்கே பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக அங்கே பரவி, வலைகளும் படகுகளும் கறுத்துக் கிடந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் ஆலைகளை ஒட்டிய குளங்களில் பிடிக்கும் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். புழல் ஏரி ஊருக்குக் குடிதண்ணீர் தருவது, அனுமதியில்லாமல் இறங்கும் இடமல்ல. மற்ற ஏரிகளிலும் மீன் குத்தகை எடுத்தவர்கள் இருப்பார்கள்; கரையில் கேட்டுவிட்டுப் போடுவதே மரியாதை.

மென்பிளாஸ்டிக்கைப் பாதுகாப்பதில் நம் வெயில் பெரிய எதிரி. வண்டியின் சீட்டுக்கடியில் வைத்துவிட்டால் கால்கள் மடிந்து அதே வடிவில் இறுகிவிடும். சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பழைய வடிவம் திரும்பும். கண்ணாடி போன்ற கடின பிளாஸ்டிக் டப்பாக்களில் போடாதீர்கள். மென்பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் இளக்கி டப்பாவையே உருக்கும், இரண்டும் ஒட்டிக் கூழாகும். வாங்கிய பையிலேயே, நிறம் நிறமாகப் பிரித்து வையுங்கள். கிழிந்த தவளையைக் குளத்தில் எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; மீன் அதை விழுங்கினால் வயிற்றில் செரிக்காது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீரின் மேல் செம்மஞ்சளாகக் கொதிப்பதுபோல ஒரு திட்டு நகர்வதைப் பார்ப்பீர்கள். விரால் குஞ்சுக் கூட்டம் அது. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தத் திட்டின் குறுக்கே தவளையை இழுத்தால் கட்டாயம் அடிவிழும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அப்படிப் பிடிப்பதைச் சிலர் திறமை என்று சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. காவல் போய்விட்டால் குறவையும் மற்ற மீன்களும் சில மணி நேரத்தில் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும், அடுத்த ஆண்டு அந்தக் குளத்தில் போடத் தவளை மட்டும்தான் மிஞ்சும். கூட்டத்தைக் கண்டால் கரையின் மறுபக்கம் போய்விடுங்கள். குஞ்சுகள் செந்நிறம் மறைந்து கறுத்து, விரல் நீளம் வந்து தனித்தனியாகப் பிரிந்தபின் அந்த இடத்துக்குத் திரும்பலாம். அதுவரை தெரியாமல் மாட்டிய பெரிய மீனையும் பிடித்த இடத்திலேயே விடுங்கள். முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் இது நொடியில் முடியும். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் எதிர்முள் இல்லாமலும் மீன் நழுவாது.