பத்துப் படங்கள்

புலனாய்வில் எனக்குப் பிடித்தது துரத்தலும் துப்பாக்கியும் அல்ல. துண்டு துணுக்கைக்கூட விடாமல் பொறுக்குகிற பொறுமை. 1991 மே 21 இரவு, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதே வெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா மட்டும் பத்திரமாகக் கிடைத்தது. ஃபிலிமைக் கழுவினால் பத்துப் படங்கள். தலையில் பூவும் கையில் சந்தன மாலையுமாக, தற்கொலைக் குண்டுதாரி தணு. வெள்ளைக் குர்தாவில், நிருபர்போல் குறிப்பேட்டோடு, சதியை நடத்திய சிவராசன். கார்த்திகேயன் தலைமையில் அமைந்த சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு அதுதான் நூல்முனை. ஹரிபாபு வீட்டில் சிக்கிய, அந்த மாலையை வாங்கிய பூம்புகார் கைவினைக் கடை ரசீதும் சேர்ந்துகொண்டது.

அதைவிட அழகு, தமிழ்நாடு தடய அறிவியல் ஆய்வகத்தின் பி. சந்திரசேகரன் செய்த வேலை. கிழிந்த துணி, ஒயர்த் துண்டு, எஃகுக் குண்டுமணி: இவற்றை வைத்தே இடுப்புப் பட்டைக் குண்டு தணுவின் உடையில் எங்கே, எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டார். நம் ஊர் ஆய்வகம்!

1998-இல் விசாரணை நீதிமன்றம், விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடயம் படித்தவர்களின் கைநேர்த்தியை ரசிக்கிறேன். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பெற்ற வாக்குமூலங்களை நம்பி அகலமாக வீசிய வலையை அல்ல.