மேசைக் கற்பனை விளையாட்டில் ஒளிதலும் உருக்கரத்தலும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இது 1974இல் வெளிவந்தது. இதில் பெரும்பாலும் சொல்லே காட்சியாதலின், கண்ணுக்குப் புலப்படாமை என்பது விதிநூலின் சொல்லாட்சியைச் சார்ந்த சிக்கலாகிறது.

ஒளிதல் வேறு, மாயத்தால் உருக்கரத்தல் வேறு. முன்னது செயல், பின்னது நிலை. 2014ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் பதிப்பு இவ்வேறுபாட்டைப் பேணியது. உருக்கரந்தவனைக் காண இயலாது. ஆயினும் அவன் எழுப்பும் ஓசையும் பதிக்கும் சுவடும் அவனிருக்கும் இடத்தைக் காட்டிவிடும். இடமும் அறியப்படாதிருக்க அவன் ஒளிந்துகொள்ளவும் வேண்டும். மணலில் விழும் காலடியையும் தேங்கிய நீரில் எழும் அலையையும் நடுவர் சொல்ல இடமிருந்தது. கதை சுவை பெற்றதும் அங்கேதான்.

2024ஆம் ஆண்டு விதிநூலோ, தக்க மறைவில் இருந்து பகடையில் 15ஐ எட்டி ஒளிந்தவனுக்கும் 'புலப்படாதவன்' என்னும் அதே நிலையைத் தருகின்றது. அவன் முணுமுணுப்பினும் உரத்து ஒலித்தாலோ, தாக்கினாலோ, பகைவன் அவனைக் கண்டுபிடித்தாலோ அந்நிலை நீங்கும். நினைவிற்கொள்ள எளிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தூணின் பின்னிருந்த கள்வன் விளக்கொளியில் வந்து நின்றால், எதிரே நிற்கும் காவலன் அவனைக் காண்பானா, அன்றி அதற்கும் பகடை உருட்ட வேண்டுமா? 'கண்டுபிடித்தல்' என்னும் ஒரு சொல்லுக்கு நடுவரே உரையாசிரியராகிப் பொருள்கொள்ள நேர்கிறது. பாத்திரத்தின் உயிரோ அவ்வுரையில் தொங்குகிறது.