எச்சிலின் வேலைப்பாடு

பினாங்கு, சுங்கை பாக்காப்பின் கோப்பிக் கடைகளில், கிரீம் கிரேக்கரைத் தே ஓவில் முக்காமல் தின்ன முடியாத பெரியவர்களைக் காலையில் பார்க்கலாம். பல் இருக்கிறது, மெல்லத் தெம்பும் இருக்கிறது. வாயில் ஈரம்தான் இல்லை. "நாக்கு ஒட்டிக்குதுப்பா, முக்கித்தான் உள்ள தள்ளணும்" என்பார்கள். உலர்ந்த பண்டத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா என்று பல் மருத்துவர் கேட்பதும் இதற்காகத்தான்.

எச்சில் பட்ட தட்டை நாம் தொட மாட்டோம். ஆனால் உடம்பில் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு வேறெதிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேல்வரிசையில் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். மிளகளவுகூட இல்லாத ஒரு மேடு தட்டுப்படும். காதுக்கு முன்னாலுள்ள பெரிய சுரப்பி அங்கேதான் திறக்கிறது. பினாங்குக்கே உரிய ஊறல் ஜாதிக்காயில் ஒரு துண்டை வாயில் போட்டதும் காதோரம் சுரீரென்று இழுக்கிறதே, அது இந்தச் சுரப்பி வேலையில் இறங்கும் நொடி. இதில் வருவது தண்ணீராய் நீர்த்த எச்சில். நாவின் அடியில் சுரப்பதோ கொழகொழப்பானது. கவளத்தை வழுக்கி இறக்குவது அது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும்.

அதில் நூற்றுக்கு 99 பங்கு வெறும் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் எத்தனை சாமர்த்தியம்! பல்லின் எனாமல் கரையாமல் இருக்க, கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சிலில் தெவிட்டும் அளவுக்குக் கலந்திருக்கின்றன. அவ்வளவு இருந்தும் கல்லாக உறைவதில்லை. பாகு மறுபடி சர்க்கரையாகிவிடாமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சை பிழிவோமே, அந்த வேலையை ஸ்டேதரின் என்ற புரதம் செய்கிறது. இனிப்பைத் தின்றால் வாய்க் கிருமிகள் அமிலத்தைக் கக்கும். அமிலகார அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சமன்செய்து, கரைந்ததில் கொஞ்சத்தைப் பல்லிலேயே திரும்பப் பதிக்கும்.

ஊற்று வற்றினால் ஈறோரத்தில், வேர் தெரியும் இடத்தில், பல் சொத்தையாகும். நாவில் பூஞ்சை படரும், பொய்ப்பல் வழுகும், பரிசோதிக்கும் கண்ணாடிகூடக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். 2019 தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, 18 வயதைக் கடந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வாய் காயும். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் காயவைக்கும். மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. "வாய் காயுது டாக்டர்" என்று சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கலாம். சொல்லாமல் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

தூக்கத்தில் எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுபோகும். நல்ல வாய்க்கே அந்த நேரத்தில் காவல் குறைவு. வறண்ட வாய்க்குக் கேட்கவே வேண்டாம். படுக்கப் போகும்முன் இனிப்பான கெட்டிப்பால் தாராளமாக ஊற்றிய தே தாரிக் குடிப்பவர்கள், பிறகு ஃபுளோரைடு பற்பசையால் துலக்காமல் படுக்கக் கூடாது.